ஐஇஎல்டிஎஸ்: 'யு' எழுத்தை விட்டால் மார்க் போகுமா?

பேனாமுனை:
"ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் பிரிட்டிஷ் தேர்வு. அமெரிக்க ஸ்பெல்லிங் எழுதினால் மார்க் போகும், பேச்சிலும் பிரிட்டிஷ் உச்சரிப்பு வேண்டும்" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 'கலர்' என்ற சொல்லை பிரிட்டிஷ் முறையில் 'யு' போட்டு (colour) எழுதினாலும் ஏற்பார்கள், அமெரிக்க முறையில் விட்டு (color) எழுதினாலும் ஏற்பார்கள். தேர்வு நடத்துகிறவர்களே வெளிப்படையாகச் சொல்லியிருப்பது இது. தேர்வுக்குப் போகிற பிள்ளைகளை ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

தேர்வறை:
எழுதியது நான்தான். நேராகவே என்னைக் கேட்டிருக்கலாம். பிரிட்டிஷ் கவுன்சிலும் கேம்பிரிட்ஜும் நடத்தும் தேர்வில் அவர்கள் எழுத்துமுறைதான் செல்லும். 'யு' இல்லையென்றால் எழுத்துப்பிழை.

பேனாமுனை:
மூன்றாவது பங்காளி ஐடிபி ஆஸ்திரேலிய நிறுவனம். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? கேட்டு விடையெழுதும் லிசனிங் பகுதியில் 40 கேள்வி. விடையில் எழுத்துப்பிழை இருந்தால் அந்த மார்க் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'யு' இல்லாத 'கலர்' பிழையே இல்லை.

வழிப்போக்கன்:
இரண்டு முறையும் செல்லும். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருப்பது நல்லது. பிடிஇ என்ற இன்னொரு ஆங்கிலத் தேர்வில் ஒரு பதிலுக்கு ஒரே முறையைத்தான் பின்பற்றச் சொல்கிறார்கள்.

தேர்வறை:
பார்த்தீர்களா? கலக்கக் கூடாது என்று அவரே சொல்கிறார். நான் சொன்னதும் அதுதான்.

பேனாமுனை:
அது இல்லை! கலப்பைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. 'யு'வை விட்டால் மார்க் போகும் என்றீர்கள். அதற்குப் பதில் சொல்லுங்கள்.

நீலமை:
நான் 'ரியலைஸ்' என்பதை 'எஸ்' போடாமல் 'இசட்' போட்டு (realize) எழுதுவேன். என் ஆசிரியர் அமெரிக்க முறை என்று அடித்துவிட்டார். அப்போது நான் கலந்துவிட்டேனா?

பேனாமுனை:
உங்கள் ஆசிரியர் அகராதியைப் புரட்டட்டும். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியே அந்தச் சொல்லை 'இசட்' வைத்துத்தான் தருகிறது. அதே அகராதியில் 'கலர்' என்பதற்கு 'யு' உண்டு. இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தாலும் அது பிரிட்டிஷ் எழுத்துதான்.

தேர்வறை:
நாங்கள் 'யு'வைப் பற்றிப் பேசும்போது 'இசட்'டுக்கு ஏன் தாவுகிறீர்கள்? விசா இழையிலும் இப்படித்தான் பேச்சை மாற்றினீர்கள், நான் மறக்கவில்லை.

பேனாமுனை:
விசா இழையில் கடைசிவரை பதில் தராமல் போனது நீங்கள். சரி, உச்சரிப்புக்கு வருகிறேன். பேச்சைச் சோதிக்கும் ஸ்பீக்கிங் பகுதியில் சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என நான்கு அளவுகோல், நான்குக்கும் சம மதிப்பு. உச்சரிப்பில் பார்ப்பது, பேசுவது சிரமமில்லாமல் புரிகிறதா என்பது. சொல்லில் அழுத்தம் சரியான அசையில் விழவேண்டும், குரல் ஏறி இறங்கவேண்டும். தாய்மொழிச் சாயல் இருப்பது குற்றமில்லை, அது புரிதலைக் கெடுத்தால்தான் மார்க் குறையும். பேசும் நேரமே 11 முதல் 14 நிமிடம். அதற்குள் இல்லாத லண்டன் குரலை வரவழைக்கப் பார்த்தால் கவனமெல்லாம் அதிலேயே போய், பேச்சு தடுமாறும்.

தேர்வறை:
என் வகுப்பில் பிரிட்டிஷ் உச்சரிப்புப் பழகியவர்கள் நல்ல பேண்ட் மதிப்பெண் வாங்குகிறார்கள்.

நீலமை:
ஓ, வகுப்பு நடத்துகிறீர்களா? அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே.

தேர்வறை:
என் தொழிலை இழுக்காதீர்கள். உழைத்துச் சம்பாதிக்கிறேன்.

பேனாமுனை:
உழைப்பை யாரும் குறை சொல்லவில்லை. காசு வாங்கிக்கொண்டு தப்பான விதியைச் சொல்லிக்கொடுப்பதைத்தான் கேட்கிறோம். லிசனிங்கில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, வட அமெரிக்கா என்று பல குரல்கள் வரும். அமெரிக்கத் தேர்வான டோஃபலிலேயே பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் குரல்கள் உண்டு. ஒரே உச்சரிப்பில் மட்டும் பழக்கினால் அந்தப் பிள்ளைகள் திணறமாட்டார்களா?

வழிப்போக்கன்:
இது முக்கியம். அமெரிக்கர் ஒருவர் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது 'இசட்'டை 'ஸீ' என்பார். பழகாதவர்கள் 'சி' என்று எழுதிவிடுகிறார்கள். அந்த மார்க் நிச்சயம் போகும்.

தேர்வறை:
அதனால்தான் சொல்கிறேன், ஒரே முறையில் இருங்கள், 'யு' போட்டே எழுதுங்கள்.

பேனாமுனை:
போட்டு எழுதுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? விட்டால் மார்க் போகும் என்று எந்த விதி சொல்கிறது? கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

தேர்வறை:
அனுபவத்தில் சொல்கிறேன். உங்களுக்கு விளக்கம் தர எனக்கு அவசியமில்லை.

பேனாமுனை:
விதி இருந்தால் அதை இங்கே போடுங்கள்.