விவசாயியா இருந்து எம்.எல்.ஏ. ஆனவரோட உங்க அனுபவம்?

வெண்ணாத்தங்கரை
குறுவை மழையில மாட்டுன வருஷம். கொள்முதல் நிலைய வாசல்ல என் மூட்டையெல்லாம் தார்ப்பாய்க்குள்ள கெடக்கு. எம்.எல்.ஏ. வந்தாரு. நம்ம ஆளுதான், ஜெயிக்கிற வரைக்கும் பக்கத்து ஊர்ல உழுது நட்டவரு. பேரு வேணாம். ஈரப்பதம் 19னு பட்டியல் எழுத்தர் சொல்றாரு. இவரு குனிஞ்சு ஒரு பிடி நெல்லை அள்ளி, ஒண்ணைப் பல்லுல வச்சுக் கடிச்சாரு. டக்குனு ஒடையல, மசிஞ்சுது. என்னைப் பாத்து, "இன்னும் ஒரு காய்ச்சல் வேணும்யா"ன்னுட்டுக் கார்ல ஏறிட்டாரு. அத்தனை பேர் முன்னாடி! கட்சிக்காரனா வந்திருந்தா சும்மாவாச்சும் நாலு சத்தம் போட்டிருப்பான். இவருக்கு நெல்லு தெரியும், அதான் வினையாப் போச்சு.

பவானிக்காரன்
உள்ளதச் சொன்னாருங்க, அதுல என்ன கோவம்? எங்க ஆளு கதையக் கேளுங்க. மஞ்சக்காட்டுக்காரர். ட்ரான்ஸ்பார்மர் எரிஞ்சப்ப என்னோட வந்து ஆபீஸ் வாசல்ல பொழுதுக்கும் உக்காந்தவருங்க. ஜெயிச்ச பொறவு மறுக்காவும் எரிஞ்சுது. போனேன். "மனுவா எழுதி பி.ஏ. கிட்டக் குடுத்துருங்க"ன்னார். என்ற பேரச் சொல்லிக்கூடக் கூப்புடுல.

சிட்டா அடங்கல்
வெண்ணாத்தங்கரை, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுங்கிறது எம்.எல்.ஏ. போட்ட கணக்கு இல்லை. மத்திய அரசோட தானியத் தொகுப்புக்குக் கொள்முதல் பண்றதால வரம்பு டெல்லியில. மழை பெஞ்சா மாநில அரசு தளர்வு கேட்டு எழுதணும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துட்டுப் போகணும், அப்புறம்தான் உத்தரவு. அதுக்குள்ள நெல்லு முளைச்சிடும், அது வேற. சட்டமன்றத்துல கவன ஈர்ப்பு கொண்டுவரலாம், மானியக் கோரிக்கையில பேசலாம். அவ்வளவுதான் ஒரு எம்.எல்.ஏ. கையில. அதனால நீங்க செய்யவேண்டியது: அறுக்கறதுக்கு முன்னாடியே ஆன்லைன்ல பதிஞ்சிடுங்க. சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல் ரெண்டு செட் வைங்க. மீட்டர்ல ஒரே மூட்டையை வச்சு முடிவு பண்ண விடாதீங்க, நாலு மூட்டையில பாக்கச் சொல்லுங்க. தார்ப்பாயைப் பகல்ல மூடியே வைக்காதீங்க, உள்ள புழுங்கும். எம்.எல்.ஏ.வுக்குக் குடுக்கிற மனுவோட நகலைக் கலெக்டர் குறைதீர் கூட்டத்துலயும் குடுத்து ரசீது வாங்குங்க.

பழைய பச்சைத்துண்டு
பவானித் தம்பி, விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு 1972ல மாட்டுவண்டியக் கொண்டாந்தே கோயமுத்தூரை நிறுத்துனவருங்க. 1982ல கட்சியும் ஆரம்பிச்சார். 84 டிசம்பர்ல பிரச்சாரத்துக்குப் போன எடத்துல, கோவில்பட்டியில செத்துப்போனார். சட்டசபைப் படிய மிதிக்கவே இல்ல. அவர் போயிருந்தாலும் பி.ஏ. வெச்சிருப்பாரோ என்னமோ, நான் நம்பமாட்டேன். எல்லாரையும் ஒரே தராசுல போடாதீங்க. 2021ல திருத்துறைப்பூண்டியில ஜெயிச்ச மாரிமுத்து கூரை வீட்டுல இருந்து வந்தவர்தானுங்களே.

பவானிக்காரன்
கூரை வீட்டப் பத்தி நான் பேசவே இல்லீங்களே. பேரச் சொல்லிக் கூப்புடாததப் பத்திச் சொன்னேன்.

வெண்ணாத்தங்கரை
அடங்கல் அண்ணே, அந்த நெல்லை அப்பவே வியாபாரிக்கிட்டத் தள்ளிவிட்டாச்சு. நான் மீட்டரைப் பத்திக் கேக்கல.

சிட்டா அடங்கல்
சம்பாவுக்கு ஆகும்ல. பாஸ்புக்ல ஐ.எஃப்.எஸ்.சி. கோடு தெளிவா இருக்கான்னு பாத்துக்கங்க.