மின்சாரம் குறைவாக இழுப்பது எது: செஸ்ட் ஃப்ரீசரா, நிற்கும் ஃப்ரீசரா?

மேல்மூடி:
என் ஓட்டு செஸ்ட் ஃப்ரீசருக்குத்தான். குளிர்ந்த காற்று கனமானது. மூடியைத் தூக்கினாலும் தொட்டித் தண்ணீர் மாதிரி அடியிலேயே கிடக்கும். நிற்கும் ஃப்ரீசரைத் திறந்ததும் பாதத்தில் சில்லென்று படுகிறதே, அது கரண்ட் செலவழித்துச் சேர்த்த குளிர்.

அடுக்குத்தட்டு:
பாதத்தில் படுவது உண்மைதான், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 லிட்டர் காற்று 300 கிராம்கூட வராது. அது முழுவதும் கொட்டிப்போய் 30 டிகிரி அறைக்காற்று புகுந்தாலும், மைனஸ் 18க்கு இறக்க சுமார் 13 கிலோஜூல் போதும். காற்றில் ஈரம் அதிகமென்றால் ஏறக்குறைய இரட்டிப்பாகும், அவ்வளவுதான். அதே 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை உறையவைத்து மைனஸ் 18க்குக் கொண்டுபோக 500 கிலோஜூல் வேண்டும். கதவை இருபது தடவை திறப்பதும் இதுவும் ஒன்று! அப்புறம், செஸ்டில் அடியில் கிடக்கும் ஒரு பொட்டலத்துக்காக மேலே உள்ள பத்தையும் வெளியே எடுத்து வைக்கிறோமே, அவை இளகுவதை யார் கணக்கில் சேர்ப்பது?

மேல்மூடி:
சரி, காற்றை விடுங்கள். நிற்கும் மாடல்களில் பெரும்பாலானவை ஃப்ராஸ்ட் ஃப்ரீ. பனியைக் கரைக்க உள்ளேயே ஹீட்டர் எரிகிறது; அந்தச் சூட்டை வெளியேற்ற மறுபடி கம்ப்ரசர் ஓடுகிறது. ஒரே வேலைக்கு இரண்டு செலவு. உள்ளே ஓடும் ஃபேன் வேறு.

கதவுரப்பர்:
அது ஹீட்டரின் குறை, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதன் குறையல்ல. கையால் பனி நீக்கும் இரண்டு மாடல்களை ஒப்பிட்டால் இடைவெளி நன்றாகச் சுருங்கும். ஆனாலும் செஸ்டுக்கு ஒரு பலம் உண்டு: மூடியின் எடையே ரப்பரை அழுத்திப் பிடிக்கிறது. எங்கள் நிற்கும் ஃப்ரீசரில் கீழ் மூலையில் மட்டும் பனி கட்டிக்கொண்டே இருந்தது. கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தேன். மற்ற இடங்களில் இறுக்கமாக நின்ற தாள் அங்கே வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பரை மாற்றியதும் கம்ப்ரசர் நடுநடுவே ஓய்வெடுக்கத் தொடங்கியது.

மேல்மூடி:
செஸ்ட் ஃப்ரீசருக்கு வெளியே ஒரு தெர்மோஸ்டாட் போட்டு 4 டிகிரியில் நிறுத்தி, ஃப்ரிட்ஜாகவே ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். உள்ளுக்கும் வெளிக்கும் 48 டிகிரியாக இருந்த வித்தியாசம் 26 ஆகிவிடுகிறது. ஃப்ரீசருக்கென்று போட்ட தடித்த சுவர் அப்படியே இருக்கிறது. அடியில் தேங்கும் தண்ணீரை மட்டும் அவ்வப்போது துடைக்க வேண்டும்.

அடுக்குத்தட்டு:
ஹீட்டர் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் ஃப்ரீசரைத் தினமும் திறப்பவர் அம்மா. குனிந்து அடிவரை கைவிட அவரால் முடியாது. ஹீட்டர் இல்லாத நிற்கும் மாடலாகத் தேடுகிறேன். பனியைக் கரைத்துத் துடைப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.