மலேசியாவில் டீசல் மோட்டார்ஹோம்: தண்ணீரையும் இறக்கத்தையும் கவனியுங்கள்

கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்து மூன்று மாதமே ஆன ஒரு தம்பி போன வாரம் கேட்டார்: "அண்ணே, பழைய டீசல் மோட்டார்ஹோம் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?" பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கேமரன் மலை, பினாங்கு என்று சுற்ற வேண்டும் என்பது அவர் ஆசை. அவருக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நான் இருப்பது கோலாலம்பூர் செந்தூல் பக்கம். சின்ன லோரியின் சேசிஸ் மேல் கட்டிய வண்டி ஒன்றை ஏழு வருடமாக ஓட்டுகிறேன்.

ஊரில் டீசல் வண்டி ஓட்டிப் பழகியவராக இருக்கலாம். இங்கேயும் ஸ்டியரிங் வலது பக்கம்தான், இடது ஓரமாகத்தான் போகிறோம். அதனால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். ஆனால் வண்டியைக் கெடுப்பது இங்கே இரண்டு. ஒன்று ஈரம், இன்னொன்று மலை இறக்கம். இரண்டுக்கும் தொடர்பு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் காகிதம். வாங்குவதற்கு முன் வண்டியின் கிராண்டை (பதிவுச் சான்றிதழ்) கையில் வாங்கிப் பாருங்கள். வேனாகவோ லோரியாகவோ பதிவான வண்டிக்குள் கட்டிலும் அடுப்பும் பொருத்தியிருந்தால், அந்த மாற்றத்துக்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி இருக்க வேண்டும். "அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்கிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். வண்டியின் வெறும் எடையையும் (பாரம் ஏற்றாத எடை) கேளுங்கள். கார் ஓட்டும் டி வகுப்பு லைசென்ஸ் வெறும் எடை 3,500 கிலோவுக்கு மேற்படாத வண்டிக்குத்தான் செல்லும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது வெள்ளச் சேதத்துக்கான கூடுதல் பாதுகாப்பைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண முழுக் காப்புறுதியில் அது தானாக வராது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வந்தபோது அது எத்தனை பேருக்குத் தாமதமாகத் தெரிய வந்தது என்று இங்கே இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இன்னொன்று: உங்கள் வீடு கொண்டோவாக (அடுக்குமாடி) இருந்தால், வண்டியை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யாமல் வாங்க வேண்டாம். கீழ்த்தள பார்க்கிங்கின் உயரம் பெரும்பாலும் இரண்டு மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். என் வண்டி மூன்று மீட்டர். மாதக் கணக்கில் திறந்தவெளி இடம் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். முதல் இரண்டு பயணத்துக்கு வாடகை வண்டி எடுத்து ஓட்டிப் பாருங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

சரி, டீசலுக்கு வருவோம்.

நம் ஊர் பங்க் மாதிரி இங்கே ஆள் வந்து ஊற்றித் தர மாட்டார். கவுண்டரில் போய் "நம்பர் மூன்று, டீசல், நூறு வெள்ளி" என்று சொல்லி (வெள்ளி என்பது ரிங்கிட்) பணத்தைக் கட்டிவிட்டு, திரும்பி வந்து நீங்களே பிடிக்க வேண்டும். களைப்பில் இருக்கும்போது கைப்பிடி நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பம்பில் டீசல் என்று எழுதியிருப்பதை வாசித்துவிட்டுக் கையில் எடுங்கள். தவறிப் பெட்ரோல் ஊற்றிவிட்டால் சாவியைத் தொடவே கூடாது. ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துக்கொண்டு போய் டேங்கைக் காலி செய்தால் செலவு சின்னது. ஸ்டார்ட் செய்துவிட்டால் பம்பு, இன்ஜெக்டர் எல்லாவற்றுக்கும் ஆபத்து.

விலையும் பழைய கணக்கு இல்லை. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் ஒரே நாளில் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்குப் போனது. அதற்குப் பிறகு விலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. யூடியூபில் பழைய காணொளி பார்த்துப் பயணச் செலவு போடாதீர்கள்.

இங்கே பம்பில் வரும் சாதாரண டீசலுக்கு பி10 என்று பெயர். நூற்றுக்குப் பத்துப் பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருள் கலந்தது. பி7 என்பதில் ஏழு பங்கு, லிட்டருக்குக் கொஞ்சம் விலை கூட. வண்டி தினமும் ஓடினால் இரண்டுமே நன்றாகத்தான் ஓடும். மோட்டார்ஹோம் அப்படி ஓடுவதில்லை, அதுதான் சிக்கல். மூன்று நாள் ஓடும், மூன்று வாரம் நிற்கும். செம்பனைக் கலவை காற்றில் இருக்கும் ஈரத்தை வெறும் டீசலைவிட அதிகமாக இழுக்கும். டேங்க் பாதி காலியாக நின்றால், பகலில் சூடாகி இரவில் குளிரும்போது உள்சுவரில் வியர்த்து, அந்த நீர் அடியில் போய்த் தங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் ஒருவகை நுண்ணுயிர் வளர்ந்து கறுப்புக் கசடாகும். கசடு ஃபில்டரை அடைக்கும். தண்ணீர் அதையும் தாண்டிப் போனால் இன்ஜெக்டரை அரிக்கும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வண்டி வாங்கிய முதல் வருடம், ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கத்துக்கு ஏறும் மேட்டில் எஞ்சின் மூச்சு வாங்கியது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தும் 40க்கு மேல் போகவில்லை. பின்னால் கனரக லோரிகள் விளக்கடித்துக்கொண்டு வந்தன. என் மனைவி பிள்ளைகளை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. எப்படியோ ஊர்ந்து கோலாலம்பூர் திரும்பி, செந்தூலில் ஒரு வயதான போமனிடம் விட்டேன். இங்கே மெக்கானிக்கை அப்படித்தான் சொல்வார்கள். அவர் டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரின் அடித்திருகைத் தளர்த்தி, ஒரு காலி மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். மேலே தேன் நிறத்தில் டீசல். கீழே இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கிய தண்ணீர். இரண்டுக்கும் நடுவே சளி மாதிரி ஒரு கறுப்புப் படலம். "தம்பி, நீங்க காடிய நிப்பாட்டி வச்சே கெடுத்திருக்கீங்க" என்றார். இங்கே வண்டியைக் காடி என்பார்கள். டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து செய்வதைச் சொல்கிறேன். பயணம் முடிந்து வண்டியை நிறுத்தப் போகும் முன் டேங்கை நிரப்பிவிட்டுத்தான் நிறுத்துவேன். உள்ளே காற்றுக்கு இடம் இல்லையென்றால் வியர்க்கவும் இடம் இல்லை. மாதம் ஒருமுறை எஞ்சின் ஆறியிருக்கும்போது செப்பரேட்டருக்கு அடியில் பாத்திரம் வைத்து, திருகைத் தளர்த்தி, மேலே உள்ள கைப்பம்பை அழுத்துவேன். முதலில் தண்ணீர் வரும், அப்புறம் சுத்தமான டீசல் வரும். வந்ததும் திருகை மூடி, கைப்பம்பு கல் மாதிரி இறுகும்வரை அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் காற்று அடைத்துக்கொண்டு ஸ்டார்ட் ஆகாது. பத்து நிமிட வேலைதான். பிடித்த டீசலைச் சாக்கடையில் ஊற்றாமல் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். ஃபில்டரை மேனுவலில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்கு முன்பே மாற்றிவிடுகிறேன். உபரி ஃபில்டர் ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கும். டாஷ்போர்டில் தண்ணீர் விளக்கு எரிந்தால் "அடுத்த ஆர் அண்ட் ஆர் (நெடுஞ்சாலை ஓய்விடம்) வரை போய்விடலாம்" என்று துணியாதீர்கள். பாதுகாப்பான இடம் கிடைத்ததும் நிறுத்தி வடித்துவிடுங்கள். டீசல் முழுக்கத் தீரும்வரை ஓட்டுவதும் கூடாது. தீர்ந்தால் மறுபடி ஊற்றினாலும் காற்றை வெளியேற்றாமல் எஞ்சின் எழாது.

நிற்கும் வண்டியை வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அது கெடுதல்தான். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராமல் அணைத்தால் எண்ணெயில் ஈரமும் கரியும் சேரும். ஐரோப்பாவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்த புது வண்டியாக இருந்து புகை வடிகட்டி இருந்தால் அது அடைத்துக்கொள்ளும். மாதம் இரண்டு முறை நெடுஞ்சாலையில் ஏற்றி முக்கால் மணி நேரம் ஓட்டுங்கள், போதும். புகை வடிகட்டி உள்ள வண்டிக்கு அதற்கென்றே வரும் சாம்பல் குறைந்த எஞ்சின் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். மேடு ஏறி வந்தவுடன் எஞ்சினை அணைக்காமல் ஒன்றிரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டால் டர்போ ஆறும்.

இப்போது இறக்கம். இதில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம், உள்ளே இருப்பது குடும்பம்.

மோட்டார்ஹோம் எப்போதும் பாரம் ஏற்றிய வண்டி. கட்டில், தண்ணீர் டேங்க், பேட்டரி, கேஸ் என்று அத்தனையும் இறக்கத்தில் பின்னாலிருந்து தள்ளும். கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் பழைய சாலை குறுகலானது, வளைவுக்குமேல் வளைவு. சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போ பக்கம் இறங்கும் சாலை அகலம். முதல் தடவை போகிறவர்கள் சிம்பாங் பூலாய் வழியிலேயே ஏறி அதிலேயே இறங்குங்கள். நான் அதைக் கேட்காமல் ரிங்லெட் தாண்டித் தாப்பா வழியில் மூன்றாம் கியரில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினேன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ரப்பர் கருகும் வாசனை. "அப்பா, ஏதோ தீயுது" என்று மகள்தான் முதலில் சொன்னாள். அடுத்த வளைவில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. இரண்டாம் கியருக்கு இறக்கி, பிறகு ஒன்றுக்கு இறக்கி, அகலமான மண் ஓரம் ஒன்றில் ஏற்றி நிறுத்தினேன். முக்கால் மணி நேரம் கழித்தும் சக்கரத்துப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் அனல் அடித்தது.

காரணம் பிறகு தெரிந்தது. பிரேக் ஆயில் தேநீர் நிறத்தில் கறுத்திருந்தது. பிரேக் ஆயிலும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி சூடு தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறியபின் தாங்க வேண்டியது 155 டிகிரிதான். அதற்கு மேல் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகும். ஆவியை அழுத்தினால் பிரேக் பிடிக்காது. ஈரத்துக்கும் இறக்கத்துக்கும் தொடர்பு என்று சொன்னது இதைத்தான். பழைய வண்டி வாங்கினால் முன்பு எப்போது மாற்றினார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்காமல் முதல் வாரமே பிரேக் ஆயிலை மாற்றுங்கள், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை.

இறங்கும் முறை எளிது. எந்த கியரில் அந்த மலையை ஏறுவீர்களோ அதே கியரில், அல்லது இன்னும் ஒன்று குறைவாக இறங்குங்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். ஆட்டோ கியர் என்றால் டியில் விடாமல் 2 அல்லது எல்லில் போடுங்கள். எக்ஸாஸ்ட் பிரேக் (புகைக் குழாயை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது) இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். மலைச் சாலையில் "கியர் ரெண்டா" என்று பலகை பார்ப்பீர்கள். மலாயில் ரெண்டா என்றால் தாழ்ந்தது, அதாவது கியரைக் குறை என்று பொருள். காலை பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டே வராமல், வேகம் கூடும்போது ஒருமுறை அழுத்திக் குறைத்து, உடனே விட்டுவிடுங்கள். சூடான பிரேக் டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது, வெடிப்பு விடும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துத் தானாக ஆறவிடுங்கள். பின்னால் வரிசை சேர்ந்தால் ஓரம் கிடைக்கும் இடத்தில் ஒதுங்கி வழி விடுங்கள், அவசரப்பட்டு வேகம் கூட்ட வேண்டாம்.

டயரைப் பூ தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம் செய்தது. நின்றே கிடக்கும் வண்டியின் டயர் தேய்வதற்கு முன் வெயிலில் வெடிப்பு விட்டுவிடும். ஆறு வருடம் ஆனதை நான் வைத்திருப்பதில்லை.

டோல் பற்றி ஒரு வரி: பின்னால் இரட்டைச் சக்கரம் இருந்தால் வண்டிக்கு ஆறு சக்கரம், அதனால் கார் கட்டணமான முதல் வகுப்பு கிடையாது, இரண்டாம் வகுப்பு. கோலாலம்பூரில் ஸ்மார்ட் சுரங்கச் சாலை கனரக வண்டிகளுக்கு இல்லை. வழிகாட்டிச் செயலி காருக்கு ஏற்ற வழியைத்தான் காட்டும், அது சொல்கிற சந்தில் எல்லாம் நுழையாதீர்கள். வண்டியின் உயரத்தை மீட்டரில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

ஏசி போட்டுத் தூங்குவது பற்றியும் கேட்கிறார்கள். 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் கூரை ஏசி சுமார் இரண்டு மணி நேரம் ஓடும். அதனால் சமவெளியில் இரவு தங்குவதென்றால் மின் இணைப்பு உள்ள இடம் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு உள்ளே தூங்கவே கூடாது, புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தங்கும். சிலிண்டர் பெட்டியின் அடியில் உள்ள காற்றோட்டத் துளையைக் கரப்பான் வருகிறதென்று அடைத்து வைத்திருந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன். ஓடும்போது சிலிண்டர் வால்வை மூடிவிடுங்கள்.

கடைசியாகப் பினாங்கு. ஃபெரியில் வண்டியை ஏற்றிப் போகலாம் என்று ஊரில் யாராவது சொல்லியிருந்தால் அது பழைய கதை. இப்போது அதில் ஆட்களும் இரு சக்கர வாகனமும்தான் போக முடியும். பாலம்தான் வழி. 1985இல் திறந்த முதல் பாலம் 13.5 கிலோமீட்டர், 2014இல் திறந்த இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர். இரண்டிலும் தீவுக்குள் போகும்போதுதான் டோல். உயரமான வண்டிக்குப் பாலத்தின் நடுவில் பக்கக் காற்று பலமாகத் தெரியும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீர்ப் புயல்காற்று மழையோடு வரும். மேற்கே கடல்மேல் கறுப்புச் சுவர் மாதிரி மேகம் தெரிந்தால் பாலத்தில் ஏறாமல் பெருநிலத்தில் உள்ள பட்டர்வொர்த்திலோ பிறையிலோ ஒரு கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிடுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

தீவுக்குள் பத்து ஃபெரிங்கி கடற்கரைச் சாலையில் மரக்கிளைகள் தாழ்வாக வருகிற வளைவுகள் உண்டு, மெதுவாகப் போனால் போகலாம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிறவர்கள் வண்டியைப் பெருநிலத்திலேயே பத்திரமாக நிறுத்திவிட்டு ஃபெரியில் ஆளாகப் போங்கள். அந்த நாட்களில் கோயில் பக்கம் இந்த மாதிரிப் பெரிய வண்டியைத் திருப்பக்கூட இடம் கிடைக்காது.