நாயை ஏற்றிக்கொள்ளும் ஆட்டோ கிடைக்குமா?

அக்னி நட்சத்திரம் முடிந்தும் தண்டையார்பேட்டையில் புழுக்கம் குறையவில்லை. எங்கள் நாய் மணி, மூன்று நாளாகச் சோற்றைத் தொடவில்லை. தண்ணீர்க் குடத்தை ஒட்டி, ஈரத்தரையில் வயிற்றை அப்பிக்கொண்டு கிடக்கிறான். காது மடலைத் திருப்பினால் மிளகு ஒட்டியதுபோல உண்ணி. அம்மா வேப்பெண்ணெய் தடவினார். வீடுதான் நாறுகிறது, உண்ணி அசையவில்லை. ஈறு வேறு வெளுத்திருக்கிறது, உண்ணிக் காய்ச்சலோ என்று பயமாக இருக்கிறது.

நாளைக் காலை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போக வேண்டும். எனக்குத் துறைமுகத்தில் நைட் ஷிப்ட், ஆறு மணிக்குத்தான் முடியும். பள்ளி திறந்துவிட்டதால் கூட வரப் பையனும் இல்லை. நாய் என்றதுமே ஆட்டோக்காரர்கள் வண்டியைக் கிளப்பிவிடுகிறார்கள். ஏற்றிக்கொள்ளும் அண்ணன் யாரையாவது தெரியுமா? சீட்டில் விரிக்கப் பழைய போர்வை நானே கொண்டுவருகிறேன். அப்புறம், எத்தனை மணிக்குப் போனால் அங்கே கூட்டம் குறைவாக இருக்கும்?