சைடு மிரரில் சத்தம் வருகிறது, கண்ணாடி திரும்பவில்லை: மோட்டாரை மட்டும் மாற்ற முடியுமா?

வேளச்சேரிவாசி:
2015 மாடல் ஹாட்ச்பேக். இடப்பக்க மிரரை ஸ்விட்சில் திருப்பினால் மேலும் கீழும் ஒழுங்காகப் போகிறது. இடம் வலம் திருப்பினால் கிர்ரென்று சத்தம் மட்டும்தான். மனைவி சீட்டை நன்றாக முன்னே தள்ளிப் போட்டு ஓட்டுவார், நான் பின்னே. அதனால் தினமும் திருப்பியாக வேண்டும். சர்வீஸில் மிரரை முழுசாக மாற்றச் சொல்கிறார்கள். இடப்பக்கம் பைக்குகள் புகுந்து வரும் ரோட்டில் இப்படியே அவரை அனுப்ப மனம் வரவில்லை.

பழைய ஸ்பேனர்:
சத்தம் வருவது நல்லது தம்பி. ஃப்யூஸ், ஸ்விட்ச், ஒயர் எல்லாம் சரி என்று அர்த்தம். கண்ணாடிக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் பெட்டியில் இரண்டு குட்டி மோட்டார்கள். ஒன்று மேல் கீழ், இன்னொன்று இடம் வலம். உங்களுக்கு இரண்டாவதன் பல்சக்கரம் தேய்ந்திருக்கும். அந்தப் பெட்டி தனியாகவே கிடைக்கும். கடையில் வெறுமனே "மிரர் மோட்டார்" என்று கேட்காதீர்கள், மிரரை மடக்கும் மோட்டாரை எடுத்துத் தந்துவிடுவார்கள். அது வேறு. பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய், கனெக்டரில் எத்தனை பின், ஸ்க்ரூ ஓட்டை எங்கே என்று ஒப்பிட்டு வாங்குங்கள். சென்னை புதுப்பேட்டையின் வண்டி உதிரிபாகக் கடைகளில் தேடிப் பாருங்கள்.

கழற்றும்போதுதான் பலர் கண்ணாடியை உடைக்கிறார்கள். முதலில் கண்ணாடி மேல் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டுங்கள். அப்புறம் ஸ்விட்சால் மேல் விளிம்பை முழுக்க உள்ளே சாய்த்தால் கீழே இடைவெளி விடும். அதில் விரலையோ பிளாஸ்டிக் பட்டையையோ விட்டு நிதானமாக நெம்புங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டவே வேண்டாம். கையுறை கட்டாயம். வெயிலில் கொஞ்ச நேரம் நின்ற வண்டியென்றால் கிளிப் இளகிக் கொடுக்கும். பின்னால் கண்ணாடியைச் சூடாக்கும் ஹீட்டர் ஒயர் இரண்டு இருந்தால், ஒயரை இழுக்காமல் அதன் முனையைப் பிடித்துக் கழற்றுங்கள். பெட்டியைப் பெரும்பாலும் மூன்று ஸ்க்ரூதான் பிடித்திருக்கும்.

தாம்பரம் டிரைவர்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. புதுப் பெட்டியை மாட்டியதும் கண்ணாடியை உடனே அழுத்திவிடாதீர்கள். கனெக்டரை மட்டும் செருகி நாலு பக்கமும் ஓடுகிறதா பார்த்துவிட்டு மூடுங்கள். ஒருவேளை கண்ணாடி உடைந்தால், தட்டைக் கண்ணாடியை வெட்டி ஒட்டித் தருகிறேன் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். இடப்பக்கம் இருப்பது குவிந்த கண்ணாடி. தட்டையாகப் போட்டால் பக்கத்தில் வரும் பைக் பார்வையிலிருந்தே நழுவிவிடும்.

வேளச்சேரிவாசி:
ஞாயிறு காலை முடித்துவிட்டேன். பழைய பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் பல்சக்கரத்தில் மூன்று பற்கள் வரிசையாக மழுங்கியிருந்தன. கண்ணாடியை நடுவில் உள்ளங்கையால் அழுத்தியபோது டக்கென்று உட்கார்ந்தது. உடனே மனைவியைச் சீட்டில் உட்கார வைத்து, அவருக்குத் தோதாகத் திருப்பிப் பார்த்தோம். பின்கதவுப் பிடி விளிம்பில் தெரிகிறது, அடுத்த லேன் முழுசாகத் தெரிகிறது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.