லேசாகத்தான் மிதித்தேன் மாமா

என் அக்காள் மகனுக்கு அப்போது 19 வயது. உரிமம் பெற்று ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதுவரை சிறிய கார் ஒன்றையே ஓட்டிப் பழகியிருந்த அவனிடம், அவன் தந்தை தமது 300 குதிரைத்திறன் கொண்ட பின்சக்கர இயக்கக் காரின் சாவியைக் கொடுத்தபோது, நான் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்தேன். தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. நெடுஞ்சாலையில் சேரும் வளைவில் இரண்டாம் கியரில் திரும்பிக்கொண்டிருந்தவன், வண்டி மந்தமாக இருப்பதாக எண்ணி ஆக்சிலரேட்டரைச் சற்று அழுத்தினான். டர்போ எஞ்சின் உடனே எழவில்லை என்பதால் இன்னும் கொஞ்சம் அழுத்தினான். ஒரு கணம் கழித்து முழு விசையும் ஒன்றாக வந்து சேர, பின்பக்கம் வெளியே வழுக்கியது. பயத்தில் அவன் காலைச் சட்டென்று எடுத்துவிட்டான். யாருக்கும் இயல்பாகத் தோன்றும் செயல்தான் அது, ஆனால் அந்த நேரத்தில் அதுவே தவறு; எடை முன்னால் பாய்ந்து பின்சக்கரங்களின் பிடிப்பு மேலும் குறைய, வண்டி சுழன்று, வந்த திசையைப் பார்த்தபடி ஓரத்துப் புல்லில் நின்றது. பின்னால் வேறு வாகனம் வராததால் பிழைத்தோம்.

"லேசாகத்தான் மிதித்தேன் மாமா" என்றான். அது பொய்யன்று. அவன் பழகிய காரில் அந்த அளவு மிதித்திருந்தால் சத்தம் மட்டுமே கூடியிருக்கும். டயருக்கு இருக்கும் பிடிப்பு ஓர் அளவுதான். வளைவதற்கே அதில் பெரும்பகுதி செலவாகிவிட்டால், முன்னே தள்ளுவதற்கு மிஞ்சுவது சொற்பம், ஈரச் சாலையில் அதனினும் சொற்பம். இந்தக் கணக்கைச் சிறிய கார் மெல்லக் கற்றுத்தரும், இந்தக் கார் கற்றுத்தர அவகாசமே தரவில்லை. போதாக்குறைக்கு, அவன் ஸ்போர்ட் நிலைக்கு மாற்றியிருந்தான் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். அந்தக் காரில் அந்நிலை, வழுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டையும் தளர்த்திவிடும்.

இளைஞர்களைத் திமிர் பிடித்தவர்கள் என்று பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. வண்டியில் நண்பர்கள் ஏறிவிட்டால் கால் கனக்கும் என்பது உண்மையே (என் 20 வயதில் எனக்கும் கனத்தது), ஆயினும் அன்று அவன் யாருக்கும் வித்தை காட்டவில்லை. அமைதியான, அதிர்வில்லாத கார் 120 கிலோமீட்டர் வேகத்தையும் 80 போலக் காட்டுகிறது. வேகம் இருமடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தவனுக்குக்கூட அது உடம்பில் உறைப்பதில்லை.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா மாநிலங்களில், தற்காலிக உரிமம் பெற்ற புதியவர்கள், ஒரு டன் எடைக்கு 130 கிலோவாட்டைத் தாண்டும் கார்களைப் பொதுவாக ஓட்ட இயலாது. எங்கள் கார் ஒன்றரை டன், திறன் ஏறத்தாழ 220 கிலோவாட். வகுத்துப் பார்த்தால் வரம்பை மீறுகிறது. எங்களுக்கு அப்படியொரு தடை இருந்திருந்தால் அவன் தந்தையிடம் நான் வாதாட வேண்டியதே இருந்திருக்காது.

வீட்டுக்கு வண்டியை நான்தான் ஓட்டி வந்தேன். இருபது ஆண்டு அனுபவம் இருந்தும், அடுத்த வளைவில் ஆக்சிலரேட்டர்மீது காலை வைக்கவே எனக்குத் துணிவு வரவில்லை.