இதயத் தசை துடிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களின் அனுபவங்கள்

உடலியங்கியல் ஆய்வகத்தில் தவளை இதயத்தை வைத்துச் செய்த சோதனை இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. இதய நுனியில் ஒரு சின்னக் கொக்கி, கொக்கியில் நூல், நூலின் மறுமுனையில் நெம்புகோல். புகைக்கரி பூசிய உருளை சுற்றச் சுற்ற, ஒவ்வொரு துடிப்பும் வெள்ளைக் கோடாக ஏறி இறங்கும்.

முந்தைய வாரம் கால் தசையை மின்சாரத்தால் விடாமல் தூண்டியிருந்தோம். அது இறுகி அப்படியே விறைத்து நின்றது. இதயமும் அப்படித்தான் நிற்கும் என்று நினைத்தேன். சுருங்கிக்கொண்டிருக்கும்போது தூண்டினேன், கோட்டில் ஒரு சலனமும் இல்லை. மின்னழுத்தத்தைக் கூட்டியும் இல்லை. தளரத் தொடங்கிய பிறகு தூண்டியபோதுதான் ஒரு குட்டித் துடிப்பு வந்தது. அதன் பின்னால் நீண்ட மௌனம். என் மூச்சும் சேர்ந்து நின்றது.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. கால் தசை செல்லில் மின் அலை சில மில்லி வினாடிகளில் முடிந்துவிடும். மனித இதயத்தின் கீழறைச் செல்லில் அது 200 முதல் 300 மில்லி வினாடி வரை நீளும். ஓய்வில் செல்லின் உட்புறம் ஏறத்தாழ மைனஸ் 90 மில்லிவோல்ட்டில் இருக்கும். சோடியம் பாய்ந்ததும் ஒரே தாவலில் பூஜ்யத்தைத் தாண்டும். உடனே இறங்கிவிடாது. கால்சியம் தொடர்ந்து உள்ளே வருவதால் மேட்டிலேயே நிற்கும். அந்த நேரத்தில் எவ்வளவு தூண்டினாலும் செல் அசையாது, அது மறுபடி தயாராவதற்குள் தசை தளரத் தொடங்கியிருக்கும். இதயம் விறைத்தே நின்றால் ரத்தம் எப்போது நிரம்புவது?

கடைசியாகக் கால்சியம் இல்லாத கரைசலை ஊற்றினோம். கோடு குறுகிக் குறுகித் தட்டையானது. சில சொட்டு கால்சியம் குளோரைடு விட்டதும் மறுபடி எழுந்தது. 1880களில் லண்டனில் சிட்னி ரிங்கர் கண்டதும் இதைத்தான். காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரில் தயாரான கரைசலில் தவளை இதயம் நன்றாகத் துடித்தது. அந்தத் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் காரணம் என்று அவர் கண்டுபிடித்தார்.

* * *

அந்த நீண்ட மௌனத்தை நான் என் நெஞ்சுக்குள்ளேயே உணர்ந்திருக்கிறேன். படுத்திருக்கும்போது ஒரு துடிப்பு விட்டுப்போகும், அடுத்தது 'தொம்' என்று இடிக்கும். பயந்துபோய் இசிஜி எடுத்தேன். துடிப்பு விட்டுப்போகவில்லை, ஒன்று முந்தி வந்திருக்கிறது என்று மருத்துவர் கோட்டிலேயே விரல் வைத்துக் காட்டினார். முந்தி வந்த துடிப்பில் அறை சரியாக நிரம்பியிருக்காது, அதனால் அது உறைக்காது. பிறகு வரும் இடைவெளியில் ரத்தம் கூடுதலாக நிரம்பித் தசை நார்கள் நன்றாக இழுபடும். இழுபட்ட இதயத் தசை கூடுதல் பலத்தோடு சுருங்கும். செல்லுக்குள் சேர்ந்திருக்கும் கால்சியமும் கைகொடுக்கும். நான் பயந்த அந்த இடி, உண்மையில் ஒரு முழுத் துடிப்பு. மற்ற பரிசோதனைகளும் சரியாக இருந்ததால் எனக்கு மருந்து தேவைப்படவில்லை. ஆனால் இப்படி வருகிறவர்கள் ஒருமுறை காட்டிவிடுங்கள், தானாக முடிவு செய்ய வேண்டாம்.

* * *

நான் பார்த்தது தனித்தனிச் செல்களை. பிறந்த எலிக்குட்டியின் இதயச் செல்களைப் பிரித்து வளர்ப்புத் தட்டில் விட்டிருந்தோம். மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இங்கொன்று, அங்கொன்று தானாகவே துடிக்கிறது. நரம்பும் இல்லை, ரத்தமும் இல்லை. பக்கத்துப் பக்கத்துச் செல்களானாலும் ஒன்றின் தாளம் வேறு, மற்றதன் தாளம் வேறு. சில நாளில் அவை பரவி ஒன்றையொன்று தொட்டன. தொட்ட இடத்தில் நுண்ணிய கால்வாய்கள் உருவாகி, ஒரு செல்லின் மின்னோட்டம் அடுத்ததற்குள் நேராகப் போகும். அதற்குப் பிறகு தட்டு முழுவதும் ஒரே விரிப்பாக, ஒரே அடியில் சுருங்கியது.

பார்த்துக்கொண்டே இருப்பேன். சூடு குறையக் குறையத் துடிப்பு மெதுவாகும். 37 டிகிரிப் பெட்டிக்குள் திருப்பி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் பழைய வேகத்தில் துடித்துக்கொண்டிருக்கும்.